அந்த விரால் ஏன் கடித்தது?

நான் பிடித்ததிலேயே பெரிய விராலின் போட்டோ இப்போது என் போனில் இல்லை. அழித்தது என் மகள். அழிக்கச் சொன்னது நான்தான்.

சொந்த ஊர் திருமழபாடி. அரியலூர் மாவட்டம், கொள்ளிடத்தின் வடகரை. பங்குனியில் எங்கள் வைத்தியநாதர் கோயிலில் நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம் நடக்கும். ‘நந்தி கல்யாணம் பார்த்தா முந்திக் கல்யாணம்’ என்பார்கள். எனக்கு மட்டும் நாலு பங்குனி பார்த்த பிறகுதான் அது பலித்தது. அதற்குள் சென்னைக்கு வேலைக்கு வந்துவிட்டேன். இப்போது எனக்கு நாற்பத்து மூன்று, மகளுக்குப் பன்னிரண்டு. ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும்.

மகளுக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்தது யூடியூபில். அப்பாவுக்கோ அது ரத்தத்திலேயே உண்டு. சின்ன வயதில் அவர் என்னைக் கூட்டிப்போய் மூங்கில் கழியில் நரம்பைக் கட்டி, மயிலிறகுத் தண்டைத் தக்கையாக்கி, மண்புழு கோத்துக் கெண்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். விராலுக்கு மட்டும் மண்புழு போடமாட்டார். வரப்பில் தவளை பிடித்து, முதுகுத் தோலில் முள்ளைக் கோத்து, அல்லி இலைகளுக்கு நடுவே தத்தவிடுவார்.

போன வருஷக் கோடை விடுமுறையில் மகளுக்கும் அதையே காட்டினார். தவளை முள்ளில் காலை உதைத்துக்கொண்டு தொங்கியதைப் பார்த்தாள். “தாத்தா, அதுக்கு வலிக்குது” என்றாள். அப்புறம் தூண்டிலையே தொடவில்லை. இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. நான் சென்னைக்குக் கிளம்பும்போது சொன்னார், “வேற எதாச்சும் வழி இருந்தா பாருடா. புள்ள ஆசைப்படுது.”

வழி இருந்தது. ரப்பர் தவளை.

பாரிமுனைப் பக்கம் ஒரு தூண்டில் சாமான் கடையில் வாங்கினேன். உள்ளங்கையில் பாதி அளவு. பச்சை முதுகு, வெள்ளை வயிறு, கருப்பு மணி போலக் கண்கள். பின்கால்களுக்குப் பதிலாக ரப்பர் இழைகள். உடம்புக்குள் காற்றுதான். அதனால் மிதக்கும். அடியில் முள் கிடையாது. இரண்டு முட்கள் முதுகை ஒட்டி மேல்நோக்கிப் படுத்திருக்கும். புல், கொடி, ஆகாயத்தாமரை, எதன்மேல் இழுத்தாலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். மீன் கவ்வி அழுத்தினால் மெத்தென்ற உடம்பு உள்ளே அமுங்கும், முட்கள் வெளியே வரும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆறரை அடி ராடு ஒன்று, ஒரு ரீல், பின்னல் நரம்பு, நூற்றைம்பது ரூபாய்க்கு இந்தத் தவளை, கூடவே வாலாட்டுகிற குட்டி மீன் பொம்மைகள் நாலு. இந்த மீன் பொம்மைகளின் வால் தட்டையாக, கரண்டி மாதிரி இருக்கும். ரீலைச் சுற்றினால் தண்ணீர் தள்ளி வால் தானாக ஆடும். திறந்த தண்ணீரில் வாளை மாதிரி வேட்டை மீனுக்கு இது. அல்லிக்கும் சம்புக்கும் நடுவே கிடக்கும் விராலுக்குத் தவளை.

இதை முதலில் செய்தது யார் தெரியுமா? அமெரிக்காவில் ஆக்ரன் என்று ஒரு ஊர். டயர் கம்பெனிகளுக்குப் பேர்போனது. அங்கே நிக் கிரீம் என்பவர் 1949-ல் வினைல் பிளாஸ்டிக்கை வீட்டில் காய்ச்சி, அச்சில் ஊற்றி ஒரு மண்புழு செய்தார். மனைவியும் கூட நின்றார். அதற்கு முன்பும் ரப்பர் புழுக்கள் உண்டு. அவை விறைப்பாக இருந்தன. கிரீமின் புழு நிஜப் புழு போல நெளிந்தது. பிறகு அந்தத் தம்பதி டெக்சாஸில் தொழிற்சாலையே வைத்தார்கள். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எந்த பிவிசியோ, பெரும்பாலும் அதே பிவிசிதான் இந்தப் பொம்மைகளும். குழாய் விறைப்பு, இதில் எண்ணெய் மாதிரி ஓர் இளக்கியைக் கலந்து சூடாக்குவதால் அல்வாப் பதம்.

அந்த இளக்கியின் வேலையை மகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தாள். மீன் பொம்மைகளைத் தன் பிளாஸ்டிக் பென்சில் டப்பாவில் போட்டு வைத்தாள். திறந்து பார்த்தால், பொம்மை பட்ட இடமெல்லாம் டப்பா உருகிப் பிசுபிசுத்துக் கிடந்தது. “அப்பா, இது மீனுக்கு மட்டும் இல்ல, டப்பாவுக்கும் வலை விரிக்குது” என்றாள். அன்றிலிருந்து அவை வந்த பையிலேயே இருக்கின்றன.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பே ஊருக்குப் போனோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. தீபாவளிக்கு முதல்நாள் வருவதாகச் சொன்னாள். ஐப்பசி மழை இரண்டு பாட்டம் பெய்து ஓய்ந்திருந்தது.

அப்பா ரப்பர் தவளையை வாங்கி முகர்ந்து பார்த்தார். “வாசனையே இல்லையேடா. எப்படிக் கடிக்கும்?”

“அது வாசனை பார்க்காதுப்பா. அசைவுதான் பார்க்கும். மேல ஏதாச்சும் சலசலன்னு போனா பாயும். பசிக்காட்டியும் பாயும்.”

“அப்ப பசிக்காதவனையும் பந்திக்குக் கூப்பிடுதுன்னு சொல்லு” என்று சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பேச்சு பிறகு என்னை எப்படித் திரும்பி வந்து கடிக்கும் என்று அப்போது தெரியவில்லை.

மகள் தவளையைத் தடவிப் பார்த்தாள். “இதுக்கு வலிக்காது” என்றாள். எல்லோருக்கும் நிம்மதி.

நியாயமான நிம்மதிதான். தவளை வயலுக்குக் காவல்காரன். நம் நாட்டிலிருந்து தவளைக்கால் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. வயலில் பூச்சி தின்ன ஆளில்லாமல் போகிறது என்று பலரும் சொல்லி, 1987-ல் அந்த ஏற்றுமதியை நிறுத்தினார்கள். தூண்டிலுக்காக ஒரு தவளை குறையாமல் இருந்தால் நல்லதுதானே.

எங்கே போடுவது என்பது அடுத்த கேள்வி. கொள்ளிடம் வேண்டாம் என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். வெள்ளம் வடிந்த பிறகு மணலில் எது பள்ளம், எது மேடு என்று தெரியாது. முதலை நடமாட்டமும் உண்டு. ஊர்ப் பொது ஏரி குளமெல்லாம் மீன்பாசி குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகை எடுத்தவரைக் கேட்காமல் தூண்டில் போடுவது, அடுத்தவர் தோட்டத்தில் காய் பறிப்பது மாதிரி. கடைசியில் மாமாவின் வயலை ஒட்டிய குட்டைதான் அமைந்தது. எப்போதோ செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம். மழைத்தண்ணீர் நின்று, அல்லி படர்ந்து, ஓரமெல்லாம் சம்பு வளர்ந்து, விரால் வந்து குடியேறிவிட்டது.

“பிடிச்சுக்க மாப்ள. குழம்பு மட்டும் ஒரு கிண்ணம் இங்க அனுப்பிடு” என்றார் மாமா.

முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. மூன்று முறை கடித்தது. மூன்று முறையும் தவளைதான் திரும்பி வந்தது. கடித்த சத்தம் கேட்டதும் நான் ராடைத் தூக்கிவிடுகிறேன்.

கரையில் குந்தியிருந்த அப்பா, “அவசரப்படாத. அது வாயில வாங்கி, தலையைத் திருப்பட்டும். நீ ஒரு மூச்சு விட்டுட்டு அப்புறம் இழு” என்றார். உயிர்த் தவளைக்குச் சொல்கிற அதே பாடம் ரப்பர் தவளைக்கும் பொருந்தியது.

ஒருமுறை சம்புக்குள் தவளை போய் மாட்டிக்கொண்டது. நரம்பை அறுத்துவிடலாம் என்று கத்தியை எடுத்தேன். அப்பா விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழியால் ஆழம் பார்த்து, முழங்கால் தண்ணீரில் தானே இறங்கி எடுத்துவந்தார். “மண்ணுல மட்கிற சாமானா இது? கொக்கு விழுங்கும். கோடையில குட்டை வத்தினா மாடு வந்து மேயும். முள்ளு வேற இருக்கு” என்றார்.

அவர் சொன்னது சரி. இந்த மிருதுப் பிளாஸ்டிக் மீன் வயிற்றில் செரிக்காது. தண்ணீரில் ஊறி உப்பிப்போய் அப்படியே கிடக்கும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் 2013-ல் இதையெல்லாம் தடை செய்யலாமா என்று சட்டசபை வரைக்கும் பேச்சு போனது. எழுபத்தைந்து வயது அப்பாவுக்கு அந்தச் சேதி தெரியாது. மாடு மேய்கிற இடம் தெரியும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அப்பா வரவில்லை. மழை இருட்டு, முட்டிவலி. மகள் எதிர்க்கரையில் மாமா பேத்தியோடு ஊமத்தங்காய் பறித்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் ராடோடு நின்றேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். குட்டையின் கீழ்க்கோடியில், அல்லி இல்லாத ஓர் இடத்தில், ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் சிவப்பு. குங்குமத்தையும் மஞ்சளையும் குழைத்துக் கொட்டியது போல. அது மேலே வரும், கீழே போகும், கொஞ்சம் நகரும், மறுபடி மேலே வரும்.

விரால் குஞ்சுகள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: விரால் தண்ணீரில் இருந்தாலும் மேலே வந்து காற்றைக் குடித்தால்தான் பிழைக்கும். குஞ்சுக்கும் அதே கதை. நூற்றுக்கணக்கில் பந்து போலத் திரண்டு ஒன்றாக மேலே வரும். அந்த நேரத்தில் கொக்கு, மீன்கொத்தி, கெளுத்தி, குறவை, எதற்கும் அது பொரி உருண்டை. அதனால் தாயும் தகப்பனும் கீழேயே காவல் நிற்கும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. குஞ்சுக்குச் சிவப்பு மங்கி, தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்வரை, வாரக்கணக்கில்.

எனக்கு இது தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். அப்பா சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார். கீழே பெரிய மீன் நிற்கிறது என்பதும் தெரியும். இரண்டு நாளாக வெறும் கையோடு வீட்டுக்குப் போனதும் தெரியும்.

தவளையைக் குஞ்சுக் கூட்டத்துக்கு ஓர் அடி தள்ளிப் போட்டேன்.

தண்ணீர் ஒரு முறை புரண்டது. தவளை ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது. கடிக்கவில்லை, முட்டித் தள்ளியது. மறுபடி போட்டேன். மறுபடி முட்டியது. வாயைத் திறக்கவே இல்லை. வாசலில் நிற்கும் அந்நிய ஆளைத் தோளால் தள்ளி ‘போய்யா’ என்பது போல.

உயிர்த் தவளையாக இருந்தால் இரண்டு மூன்று வீச்சுக்கு மேல் தாங்காது, செத்துவிடும். வேறு தவளை பிடித்து வருவதற்குள் இருட்டிவிடும், மனசும் மாறிவிடும். ரப்பர் தவளைக்குக் களைப்பில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று போட்டுக்கொண்டே இருந்தேன். பதினோராவது வீச்சு என்று நினைக்கிறேன். முட்டி முட்டிப் பார்த்துப் பொறுமை இழந்து, அது பாய்ந்து கவ்வியது. ஒரு மூச்சு விட்டேன். இழுத்தேன்.

ராடு வில்லாக வளைந்தது. கரைக்கு வந்தபோது என் முழங்கையிலிருந்து விரல் நுனியையும் தாண்டிய நீளம். ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. மகள் ஓடிவந்து குதித்தாள். அவளையே போட்டோ எடுக்கச் சொன்னேன். மீனைத் தூக்கிப் பிடித்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பதினேழு கைதட்டல்.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “ஆயாக்கண்ணு, பாரு, நாளைக்கு அப்பாயி குழம்பு வைக்கிறேன். விரலைக்கூடச் சேர்த்துச் சாப்பிடுவ” என்று மகளிடம் சொல்லிக்கொண்டே மிளகாயும் மல்லியும் அரைக்க உட்கார்ந்தார். விரால் சாகாத மீன். கொஞ்சம் தண்ணீர் இருந்தால் இரவெல்லாம் உயிரோடு கிடக்கும். அன்னக்கூடையில் முக்கால் தண்ணீர் ஊற்றி மீனை விட்டு, துள்ளிக் குதிக்காமல் இருக்க மேலே முறத்தைக் கவிழ்த்து, முறத்தின் மேல் அம்மிக் குழவியை வைத்தோம்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு அப்பா, “எங்க, போட்டோவைக் காட்டு” என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பேத்தி சொல்லிக்கொடுத்தது. என் முகத்தையோ மீனையோ அல்ல, எனக்குப் பின்னால் தெரிந்த தண்ணீரை.

“இது என்னடா செவப்பா?”

நான் பேசவில்லை.

“குஞ்சு கட்டின விராலா?”

“ம்.”

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“பசிக்குக் கடிச்சுச்சா, பயத்துக்குக் கடிச்சுச்சா?”

அவ்வளவுதான் கேட்டார். முட்டி முட்டித் தள்ளியது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னேன். எதற்கு மறைக்க?

மகள் கதவோரம் நின்றிருந்தாள். “அப்பா, அப்ப அது சாப்பிட வரலையா?”

“இல்ல பாப்பா.”

“சண்டை போட வந்துச்சா?”

இதற்கு அப்பா பதில் சொன்னார். “சண்டைன்னும் சொல்ல முடியாது ஆயா. உங்க அப்பனுக்கு அஞ்சு வயசுல அம்மை போட்டுச்சு. வாசல்ல வேப்பிலை சொருகி வெச்சிருந்தோம். உங்க அப்பாயி வாசலுக்கு வந்தவங்களை எல்லாம் கத்தி விரட்டினா. பால்காரரை, தபால்காரரை, சொந்தத் தம்பியை. அவங்க என்ன தப்பு பண்ணாங்க? ஒண்ணுமில்ல. வாசல் வரைக்கும் வந்தாங்க. அவ்வளவுதான்.”

அம்மா அம்மியில் இருந்த கையை எடுக்கவில்லை. ஆனால் அரைக்கும் சத்தம் நின்றிருந்தது.

“அது அம்மாவா, அப்பாவா?” என்றாள் மகள்.

“பார்த்தா தெரியாது. ரெண்டும்தான் காவல் காக்கும்.”

“அப்ப இன்னொண்ணு இப்ப தனியா நிக்குமா?”

யாரும் பதில் சொல்லவில்லை. முறத்துக்கு அடியில் மீன் மேலே வந்து காற்றுக் குடிக்கிற சத்தம் கேட்டது. ‘ப்ளக்’. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ‘ப்ளக்’. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

இதை ஒரு மீனுக்குப் போய் இவ்வளவா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். நாங்கள் மீன் தின்கிற குடும்பம். நாளைக்கும் தின்போம். பசியோடு வந்த மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. இரை தேடி வருவதும் இரையாவதும் அந்தக் குட்டையில் தினமும் நடப்பதுதான். ஆனால் இது இரை தேடி வரவில்லை. நான் அதன் வாசலில் போய் நின்று, அது போ போ என்று பதினோரு முறை சொன்ன பிறகு, அந்தக் கோபத்தையே முள்ளாக்கிப் பிடித்தேன். அதோடு போவதும் ஒரு மீன் இல்லை. ஒரு குட்டைக்கு ஒரு ஜோடி, இரண்டு ஜோடி இருந்தால் அதிகம். அடுத்த வருஷத்துக் குழம்பையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

தவளைக்கு வலிக்காது என்று எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம். யாருக்கும் வலிக்காது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

விடியற்காலை நாலரை மணிக்குக் கொல்லையில் சத்தம். எழுந்து போனேன். அம்மா. குழவியை இறக்கி வைத்துவிட்டு, மீனுக்குப் புதுத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

“புளி கரைச்சாச்சு, மசாலா அரைச்சாச்சு” என்று முணுமுணுத்தார். “இப்ப பார்த்து அப்பனும் மவனும் ஞாயம் பேசுறாங்க.” பிறகு என்னைப் பார்க்காமலே, “வெளிச்சம் வர்றதுக்குள்ள கொண்டுபோய் விடு. கொக்கு எறங்கிடும்” என்றார்.

அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் அன்னக்கூடை, பின்னால் மகள். வண்டி குலுங்கும்போதெல்லாம் தண்ணீர் என் காலில் கொட்டியது. முட்டிவலியைப் பார்க்காமல் அப்பா குறுக்கு வரப்பில் நடந்தே வந்துவிட்டார்.

கூட்டம் இருந்தது. ஆனால் முந்தின நாள் தட்டு அளவு இருந்தது, இப்போது ஒரு கிண்ணம் அளவு. அந்த ஒற்றை இரவில் யார் யாருக்கோ விருந்தாகியிருந்தது. அதற்குக் கீழே மங்கலாக ஒரு நிழல் நின்றது. ஒன்றுதான்.

கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளச் சொன்னார் அப்பா. வறண்ட கை பட்டால் மீன் மேலிருக்கும் வழவழப்பு போய்விடும். அதுதான் அதற்குச் சட்டை. மேல்தாடையில் முள் குத்திய இடத்தில் ஒரு சின்னக் கிழிசல். நல்லவேளை, செவுளில் படவில்லை. இரண்டு கையாலும் தாங்கித் தண்ணீருக்குள் இறக்கினேன். ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு வாலை ஒருமுறை வீசி என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போய்விட்டது.

குஞ்சுகளிடம் போனதா? தெரியவில்லை. சினிமாவாக இருந்தால் நேராக அங்கே போயிருக்கும். இங்கே அது அல்லிக்குள் புகுந்தது, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். இரண்டு முறை கொக்கு வந்தது. இரண்டு முறையும் மகள் கத்தி விரட்டினாள்.

“கொக்குக்கும் பசிக்குமில்ல பாப்பா” என்றேன்.

“இன்னிக்கு மட்டும் வேற இடம் பார்த்துக்கட்டும்” என்றாள்.

அப்போதுதான் போனை அவளிடம் கொடுத்துப் போட்டோவை அழிக்கச் சொன்னேன். குரூப்பிலும் அழித்தேன். ‘என்னாச்சு?’ என்று ஏழு பேர் கேட்டார்கள். ‘மீன் வீட்டுக்குப் போயிடுச்சு’ என்று போட்டேன். அரைத்த மசாலாவில் அன்றைக்குக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வெந்தன. அம்மா பரிமாறும்போது யாருடனும் பேசவில்லை. அப்பா மட்டும் இரண்டாவது முறை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

பொங்கலுக்கு மறுபடி போனோம். முதல் நாள் மகளைக் கரைவெட்டிக்குக் கூட்டிப்போனேன். எங்கள் பக்கத்துப் பறவைகள் சரணாலயம். 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளை அங்கே பார்க்கலாம். கூழைக்கடா ஒன்று அலகுப் பையில் மீனை அள்ளியதைத் தொலைநோக்கியில் பார்த்தாள். “இங்க தூண்டில் போடலாமா?” என்றாள். “கூடாது. இது அவங்க குத்தகை” என்றேன். புரிந்துகொண்டாள்.

மறுநாள் மாட்டுப்பொங்கல். சாயங்காலம் குட்டைக்குப் போனோம். மகள் உடனே ராடை எடுக்கவில்லை. கரையை ஒரு சுற்று சுற்றினாள். சிவப்பாக எங்காவது கொதிக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. ஆனால் கீழ்க்கோடியில், ஆழமில்லாத இடத்தில், விரல் நீளத்துக்குக் கறுப்பாகச் சில மீன்கள் தனித்தனியாக மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டுப் போயின. ஐப்பசியில் பார்த்த குஞ்சுகள்தானா, வேறு ஏதாவதா? நானாக எதுவும் சொல்லவில்லை. அவள் எண்ணினாள். பத்து வரை எண்ணி விட்டுவிட்டாள்.

அந்தக் கோடியை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் சம்பு ஓரமாகப் போட்டாள். நாலாவது வீச்சில் தண்ணீர் வெடித்தது. ஒரு மூச்சு விட்டு இழுத்தாள். முக்கால் கிலோ இருக்கும். அவளுடைய முதல் விரால்.

கரையில் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார், “என்ன ஆயா, எதுக்குக் கடிச்சுது?”

“பசிதான் தாத்தா” என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. “முட்டவே இல்ல. ஒரே வாய்.”

“அப்ப சரி. அப்பாயிகிட்ட சொல்லு, மசாலா அரைக்கச் சொல்லி.”

மாமா வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு போனது.